எங்கள் வீட்டுக்கு வந்த சத்துமாவு



மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். ஒரு நாள் முற்பகலில் பெண்மணி ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். ஒரு கையில் தடித்த பதிவேடு, மறு கையில் கைப்பேசி. வெயிலில் மூன்று மாடி ஏறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"பால்வாடி டீச்சரும்மா. வீட்ல ஆறு வயசுக்குள்ள குழந்தைங்க இருக்காங்களா?"

அப்போது எங்கள் மகனுக்குப் பதினொரு மாதம். இருந்தும் நாங்கள் சொன்ன விடை இதுதான்: "எங்களுக்கு எதுவும் வேண்டாம் டீச்சர். கஷ்டப்படுறவங்களுக்குக் குடுங்க." பணிவாகத்தான் சொன்னோம். அந்தப் பணிவுக்குள் பெருமை ஒளிந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். அவர் கோபப்படவில்லை. "வேணாம்னாலும் பரவால்ல, பேரை மட்டும் எழுதிக்கிறேன். புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும்போது எடை பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஏன் மறுத்தோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். இதை வாசிக்கும் பல குடும்பங்களிலும் இதே எண்ணம் இருக்கக்கூடும்.

நாங்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்னை வந்தவர்கள். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. செல்வம் இல்லை, கையேந்தும் நிலையும் இல்லை. மூத்த மகளை அடையாற்றில் ஒரு மழலையர் பள்ளியில், வேன் கட்டணமும் சேர்த்துக் கட்டிப் படிக்கவைத்தோம். மகன் பிறந்த காலத்தில் வருமானம் சுருங்கியது. ஆனாலும் பால்வாடி என்றால் அது வேறு யாருக்கோ உரியது என்ற எண்ணம் சுருங்கவில்லை. அங்கே என்ன உணவு தருவார்களோ, ஹலாலாக இருக்குமோ என்ற தயக்கமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக உம்மா ஒரு வார்த்தை சொன்னார்கள்: "நம்ம ஜகாத் குடுக்குற குடும்பம். வாங்குற குடும்பம் இல்ல."

புதன்கிழமை தடுப்பூசிக்குப் போனோம். அங்கே எடை பார்த்தார்கள். டீச்சர் அட்டையைத் திருப்பி எங்களிடம் காட்டினார். பச்சைப் பட்டையில் ஏறிவர வேண்டிய கோடு சரிந்து மஞ்சளுக்குள் நுழைந்திருந்தது. "குடும்பத்துல எல்லாருமே ஒல்லிதான் டீச்சர்" என்றோம். "ஒல்லியா இருக்கறது வேற. கோடு கீழ இறங்கறது வேற" என்றார். பிள்ளைக்கு என்ன ஊட்டுகிறோம் என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டார். மாட்டுப்பால், தேநீரில் நனைத்த பிஸ்கட், மீண்டும் பால். அவ்வளவுதான் எங்கள் பட்டியல். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான் என்று பாலையே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அவர் சொன்னபடி மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை என்றார் மருத்துவர். பால் வயிற்றை நிறைத்துவிடுவதால் பிற உணவுக்கு இடமில்லாமல் போகிறது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்து, பாலைக் குறைத்து உணவைக் கூட்டச் சொன்னார். மூத்த மகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிய நாங்கள், மகனின் எடையை ஐந்து மாதமாகப் பார்க்கவே இல்லை. அந்த இரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் வரவில்லை.

டீச்சர் அன்று சத்துமாவுப் பொட்டலங்களையும் கொடுத்தனுப்பியிருந்தார். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் சேர்ந்த மாவு. ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் அரசு வழங்குவது. அடுக்களை அலமாரியில் அது மூன்று நாள் பிரிக்கப்படாமல் இருந்தது. பிள்ளைக்குத் தேவை என்று தெரியும். ஆனால் உம்மாவின் வார்த்தை குறுக்கே நின்றது. வசதியுள்ளவன் ஜகாத் பொருளை உண்பது கூடாது என்பது மார்க்கம் கற்றுக்கொடுத்த பாடம். இதுவும் அப்படித்தானோ?

மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். அவர் உடனே விடை சொல்லாமல், வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வை நினைவூட்டினார்.

வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவுக்கு வந்து தங்குகிறது. அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் அவர்களுக்குக் காவல் நிற்கிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. உமர் (ரலி) அவர்கள் தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்கும்படி சொல்கிறார்கள். மீண்டும் அழுகுரல், மீண்டும் போகிறார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அழுகை ஓயவில்லை. அப்போது அந்தத் தாய், வந்திருப்பவர் யாரென அறியாமலே, காரணத்தைச் சொல்கிறாள்: பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உமர் உதவித்தொகை கொடுக்கிறார், அதனால் இவனைக் காலத்துக்கு முன்பே பால் மறக்கவைக்கப் பார்க்கிறேன். அன்று ஃபஜ்ர் தொழுகையில் அவர்களின் அழுகையால் ஓதுவது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தம் விதி ஒன்று எத்தனை பிள்ளைகளை வருத்தியதோ என்று கலங்கினார்கள். அதன்பின், பால் மறக்கவைக்க அவசரப்படாதீர்கள், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பைத்துல்மாலிலிருந்து தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். பிற பகுதிகளுக்கும் எழுதி அனுப்பினார்கள்.

இமாம் சொன்னார்: "ஜகாத் யாருக்கென்று தவ்பா அத்தியாயத்தின் அறுபதாம் வசனம் எட்டு வகையாகப் பிரித்துச் சொல்லிவிட்டது. அது வேறு கணக்கு. உமர் (ரலி) அவர்கள் அறிவித்தது பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும். ஏழை வீட்டுக் குழந்தையா, வசதியான வீட்டுக் குழந்தையா என்று அதில் பிரிக்கவில்லை. உங்க பிள்ளைக்கு வந்த மாவு ஜகாத் இல்ல. பிள்ளையோட ஹக்கு. அதை நீங்க மறுக்கறதுக்கு உங்களுக்கு என்ன அதிகாரம்?"

அந்தக் கடைசிக் கேள்வி எங்களைத் தாக்கியது. எங்கள் மானத்துக்காக அவன் உரிமையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் அப்படியே சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்த அவர்களே எழுந்து போய் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினார்கள்.

அதன்பின் இந்தப் பால்வாடி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம். அதன் வேர் நம் ஊரிலேயே இருக்கிறது. 1920ஆம் ஆண்டு, பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு தரத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. ஆயிரம் விளக்கு மசூதியின் பெயரைத் தாங்கிய பகுதியில், பசித்த பிள்ளைக்கு ஊராட்சி சோறு போடத் தொடங்கியது. அந்தத் தியாகராயரின் பெயரில்தான் நாங்கள் வேலைக்குப் போகும் நகர் இருக்கிறது. அந்நகரின் உஸ்மான் சாலையும் ஹபீபுல்லா சாலையும் அதே காலத்துப் பொதுவாழ்வில் இருந்த சர் முகமது உஸ்மான், சர் முகமது ஹபீபுல்லா ஆகியோரின் பெயர்களைத் தாங்கியவை. நாள்தோறும் பேருந்தில் கடக்கும் பெயர்கள். அவற்றின் பின்னுள்ள காலத்தை நாம் நினைப்பதில்லை.

பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை 1975 அக்டோபர் 2 அன்று நடுவண் அரசு 33 இடங்களில் தொடங்கியது. 'ஆங்கன்' என்றால் இந்தியில் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளிலிருந்தே உணவு தந்தது. இன்று தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரை, முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்து அறிவுரை என ஆறு பணிகள் அவற்றுக்கு உண்டு. எங்கள் மகனின் கோடு சரிவதைக் கண்டதும், எங்களைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பியதும் அந்த ஆறில் அடங்கும்.

இமாம் சொன்ன கருத்துக்கு இந்நாட்டுச் சட்டத்திலும் இடமுண்டு. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவுரிமை வழக்கில், இந்தப் பணிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதை அங்கன்வாடிக்குத் தகுதியாகக் கொள்ளக் கூடாது என்று 2004இல் தெளிவுபடுத்தியது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாற்பது பேராவது உள்ள குடிசைப் பகுதி மக்கள் மையம் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் கூறியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும், கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடி வழியாகக் கட்டணமற்ற உணவை உரிமையாக்கியது. "கஷ்டப்படுறவங்களுக்குக் குடுங்க" என்று நாங்கள் சொன்னது பெருந்தன்மையும் அல்ல, சட்டமும் அல்ல.

மகனுக்கு இரண்டு வயது நிறைந்ததும் மையத்துக்கே அனுப்பத் தொடங்கினோம். ஒற்றை அறை. சுவரில் பழங்கள், எழுத்துகள், விலங்குகள். ஓரத்தில் அடுக்களை. கலவை சாதம், பருப்பு, காய்கறி. வாரத்தில் மூன்று நாள் வேகவைத்த முட்டை. எங்கள் பயத்துக்கு அங்கே இடமே இல்லை. இறைச்சி எதுவும் சமைப்பதில்லை. முதல் வாரம் உம்மாவே போய் அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆயா பாத்திரம் கழுவும் சுத்தத்தைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் பேச்சு.

வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள், காவலாளியின் மகள், கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவரின் மகன் ஆகியோர் அங்கே இருந்தனர். எங்கள் பிள்ளையின் முதல் நண்பன் அந்த வடக்கத்திச் சிறுவன்தான். ஒரே தட்டுவரிசையில் அமர்ந்து, ஒருவன் முட்டையின் மஞ்சளையும் மற்றவன் வெள்ளையையும் மாற்றிக்கொண்டு உண்பார்களாம். அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் வயிறு நிறைய உண்பவன் முழுமையான முஃமினல்லன் என்ற பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைப் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அண்டை வீட்டுப் பிள்ளையின் பெயர் எங்களுக்குத் தெரிந்தது இந்த அறையில்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மின்விசிறி ஒன்று பல மாதமாகச் சுழலவில்லை. கழிப்பறையின் கதவு சரியாகச் சாத்தாது. ஒரு நாள் டீச்சர் மனம்விட்டுப் பேசினார். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்கும் வந்து அமரும் பிள்ளைகளுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கிறது. இப்படியே போனால் பெரிய சாலைக்கு அப்பாலுள்ள மையத்தோடு இதைச் சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. "உங்களுக்கு ஆட்டோ இருக்கும் சார். அந்தச் சாலைய ரெண்டு வயசுப் பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு, காலைல அஞ்சு வீட்டு வேலைக்குப் போறவ எப்படித் தாண்டுவா?"

அப்போதுதான் எங்களுக்கு இன்னொன்று விளங்கியது. எங்களைப் போன்றவர்கள் மரியாதை கருதி விலகி நிற்கும்போது, எங்கள் பங்கு வேறொரு ஏழைக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்வதில்லை. பிள்ளை குறைகிறது, மையம் மெலிகிறது, கடைசியில் அது மூடப்பட்டால், வேறு வழியே இல்லாதவர்தான் இழக்கிறார். மனு எழுதத் தெரிந்தவர்கள், அலுவலகத்துக்குப் போய்க் கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தம் பிள்ளைகளை வேறெங்கோ சேர்த்துவிட்டால், சுழலாத மின்விசிறியைப் பற்றிக் கேட்க அங்கே யார் மிஞ்சுவார்?

ஜமாஅத் நிர்வாகிகளிடம் பேசினோம். ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிட அறிவிப்புக்கு அனுமதி தந்தார்கள். பெண்கள் பகுதியிலும் சொல்லப்பட்டது. சிலர் முகம் சுளித்தார்கள். "குர்ஆன் மதரஸாவுக்கு அனுப்ப வேண்டிய வயசுல" என்றார் ஒரு பெரியவர். மக்தப் மாலையில்தான் நடக்கிறது, பால்வாடி பகலில் முடிந்துவிடுகிறது, இரண்டுக்கும் இடமிருக்கிறது என்று இமாமே விடை சொன்னார். அந்த மாதத்தில் ஆறு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் நால்வர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள், இருவர் அடுத்த தெருவின் கோயில் பக்கத்துக் குடும்பத்தினர். எல்லாப் பெற்றோரும் கையெழுத்திட்டு, குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் மனு கொடுத்தோம். மின்விசிறி வந்துவிட்டது. கழிப்பறைக் கதவு இன்னும் வரவில்லை. மையத்தை இணைக்கும் பேச்சு ஓய்ந்ததா, ஒத்திவைக்கப்பட்டதா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நாங்கள் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

உரிமை என்று சொல்லும்போது அமானத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயரை மட்டும் பதிந்துவிட்டுப் பிள்ளையை அனுப்பாமல் இருப்பதும், பொட்டலத்தை வாங்கிவந்து மாட்டுக்குக் கரைத்து ஊற்றுவதும், குழந்தைக்கு வந்த மாவில் பெரியவர்கள் பலகாரம் செய்வதும் பொதுச் சொத்தில் செய்யும் மோசடி. உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி ஆட்சியாளரை மட்டும் குறிப்பதன்று; வீட்டுத் தலைவரையும் வீட்டுத் தலைவியையும் பெயர் சொல்லி அழைக்கிறது.

அந்த டீச்சரின் உழைப்புக்கும் ஹக்கு உண்டு. காலையில் பிள்ளைகள், பகலில் சமையல் கணக்கு, பிற்பகலில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, இடையிடையே கைப்பேசியில் பதிவேற்றம். இவ்வளவையும் செய்பவருக்கு நடுவண் அரசு தருவதற்கு 'மதிப்பூதியம்' என்று பெயர். ஊதியம் என்று சொல்வதில்லை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நாம், அவர்களின் கோரிக்கைகளைச் செய்தித்தாளில் பார்க்கும்போது பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது.

கண்ணியத்துக்குரிய சகோதர, சகோதரிகளே, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், உங்கள் தெருவுக்குரிய மையம் எது என்று இந்த வாரமே விசாரியுங்கள். தனியார் பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தாலும் பெயரைப் பதியுங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். கோடு பச்சையிலேயே இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். சரிந்தால் காலத்தில் தெரிந்துகொள்வீர்கள். கருவுற்ற மகளோ மருமகளோ இருந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை முதல் மகப்பேறு உதவி வரை வழி காட்டுவார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள், மஹல்லாவிலுள்ள மையத்துக்கு ஒரு முறை நேரில் போய்வாருங்கள்.

எங்கள் மகனின் கோடு பச்சைக்குத் திரும்ப ஏழு மாதமாயிற்று. இப்போது கணக்கெடுப்புக்கு டீச்சர் மாடியேறி வரும்போது உம்மா நாற்காலியை எடுத்துப்போட்டு, முதலில் தண்ணீரும் பிறகு தேநீரும் தருகிறார்கள். போன மாதம் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மருமகப்பெண் கைக்குழந்தையோடு கதவருகே நின்று, "எங்களுக்கு வேணாம் டீச்சர்" என்று சொல்வது கேட்டது. உம்மா படியில் நின்றபடியே குரல் கொடுத்தார்கள்: "வேணாம்னு சொல்லாதேம்மா. அது உன்னுது இல்ல, பிள்ளையோடது."

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளையும் நம் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் உடல்நலத்தோடும் ஈமானோடும் வளரச் செய்வானாக. அவர்களின் ஹக்கை அறிந்து நிறைவேற்றும் பெற்றோராக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.